மெயினை அணைத்த பிறகும்

அத்தியாயம் ஒன்பது

ஆட்டுக்குட்டி அன்றைக்குப் பசியோடு வராமல் இருந்திருந்தால், சுஹைப்பின் கதை அந்த இரும்பு கேட்டிலேயே முடிந்திருக்கும்.

வரும்போது அவனுக்கு அது தெரியாது. தஞ்சாவூரிலிருந்தே புலம்பிக்கொண்டுதான் வண்டி ஓட்டினான்.

"ஷாக் அடிச்சுச் செத்த வீட்டுக்குப் போறோம் மேடம். ஒரு ரப்பர் செருப்பாவது வாங்கிக் கொடுத்திருக்கலாம்."

"நீங்க போட்டிருக்கிறதே ரப்பர் செருப்புதானே பாய்?" என்றாள் செம்மொழி.

"இது செருப்பு இல்ல மேடம், ஞாபகார்த்தம். போட்டுக்கிட்டு நின்னா கீழ தரை சூடா குளிரான்னு சொல்லிடுவேன்."

துப்பறியும் செம்மொழிக்கு சுஹைப்தான் டிரைவர், உதவியாள், துணை. அவளைவிட வயதில் மூத்தவன், எடையில் இரண்டு மடங்கு. வாயை மூடி வைக்கத் தெரியாதவன் என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

அவள் கைப்பையில் ஒரு பழைய டெஸ்டர் இருந்தது. காலையில் நீலாம்பாள் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனது.

"என் வீட்டுக்காரர் சட்டைப் பையில எப்பவும் இருக்கிறது மேடம். ஸ்டேஷன்ல வாங்கி என் கையில கொடுத்துட்டாங்க. இது இல்லாம அவரைப் பார்க்க எனக்கே யாரோ மாதிரி இருக்கு" என்றாள் அவள். பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "எங்க தெரு ஆளு தொட்ட வேலைன்னா, தப்பா இருக்கும்னு ஊருக்கு உடனே நம்பத் தோணுது. யாரும் ரெண்டாவது கேள்வி கேட்கல."

அவள் கணவன் அரசப்பன், லைசென்ஸ் உள்ள ஒயர்மேன். பூதலூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில், வைத்தியலிங்கம் என்ற விவசாயியின் வீட்டுக்கு ஐப்பசியில் புதிதாக ஒயரிங் செய்து கொடுத்தார். இப்போது மாசி. வைத்தியலிங்கம் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து தன் வீட்டு கேட்டைத் திறக்கக் கை வைத்தவர், வைத்த கையை எடுக்கவில்லை. ஒயரிங் சரியில்லாமல்தான் அண்ணன் செத்தார் என்று தம்பி செந்தில்குமார் புகார் கொடுத்துவிட்டான். நேற்று அரசப்பனை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. சாவுக்குப் பிறகு யார் யாரோ வந்து அந்த கேட்டில் டெஸ்டர் வைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் எரியவில்லை. கொன்றுவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நின்றது கேட்.

"எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு. ஆனா சாயங்காலத்துக்குள்ள வேற காரணம் கிடைக்கலைன்னா நான் அவரை ரிமாண்ட் பண்ணித்தான் ஆகணும்" என்று போனில் சொல்லியிருந்தார் இன்ஸ்பெக்டர் பரிதி.

அதனால்தான் இந்தப் பயணம்.

ஒரே வீடாக இருந்து இரண்டாகப் பிளந்த வீடு அது. நடுவில் ஒரு சுவர். கிழக்குப் பாதி அண்ணனுக்கு, மேற்குப் பாதி தம்பிக்கு. வீட்டைப் பிரித்தார்கள், வயலைப் பிரித்தார்கள். கொல்லையில் இருந்த போர்வெல், மோட்டார், மாடியில் இருந்த தண்ணீர் டேங்க், இவற்றை மட்டும் பிளக்க முடியவில்லை. பொதுவில் விட்டுவிட்டார்கள். மோட்டார் சுவிட்ச் தம்பி பக்கம் இருந்தது.

செந்தில்குமார் உடம்பெல்லாம் வைக்கோல் தூசியோடு வாசலில் காத்திருந்தான். அண்ணி மங்களாம்பிகை மகள் வீட்டில் இருப்பதாகவும், நாளைக்குக் கருமாதிக்குத்தான் வருவாள் என்றும் சொன்னான்.

"பார்த்துக்குங்க மேடம். எல்லாம் அவன் பண்ணின வேலைதான். நல்லா இருந்த பழைய ஒயரைப் பிடுங்கிட்டு இதைப் போட்டான். என் பக்கம் இன்னும் எங்க அப்பா காலத்து ஒயர்தான். ஒரு எறும்பு செத்ததுண்டா?"

"நீங்க ஏன் புதுசு பண்ணிக்கல?"

"அண்ணன் கூட்டிட்டு வந்த ஆளை நான் கூட்டிட்டு வர்றதா?" என்றான் அவன். அதிலேயே அண்ணன் தம்பி உறவு முழுக்க வந்துவிட்டது.

உள்ளே விட்டுவிட்டு, அவன் வெளியே நின்று கேட்டைச் சாத்தினான். பூட்டை எடுத்தான்.

"என்ன சார், எங்களையும் சேர்த்தா?" என்றான் சுஹைப்.

"ஆடு உள்ள பூந்துருங்க. அண்ணன் போட்டோவுக்குப் போட்ட மாலையை நேத்து பாதி தின்னுடுச்சு. அறுப்பு மெஷின் வயல்ல நிக்குது, இன்னைக்கு விட்டா அடுத்த ஊருக்குப் போயிரும். முடிஞ்சதும் போன் பண்ணுங்க, ஓடி வந்துடறேன்."

பூட்டுவதற்கு முன்னால் அவன் ஒரு காரியம் செய்தான். தலையைச் சாய்த்து ஒரு நொடி எதையோ காது கொடுத்துக் கேட்டான். பிறகுதான் வெறுங்கையால் கேட்டைப் பிடித்துப் பூட்டினான். வயலில் மெஷின் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறான் என செம்மொழி நினைத்துக்கொண்டாள். அப்போதைக்கு அப்படித்தான் நினைத்தாள்.

"ஆட்டுக்குப் பயந்து மனுஷனை அடைக்கிறதை இந்த ஊர்லதான் பார்க்கிறேன்" என்றான் சுஹைப்.

வீட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒயர்கள் குழாய்க்குள் ஒழுங்காகப் போயிருந்தன. மெயின் பக்கத்தில் ஒரு டிரிப்பர். யார் உடம்பிலாவது கரண்டு பாய்ந்தால் கண் மூடித் திறப்பதற்குள் தானே அணைந்துவிடும் சாமான். செம்மொழி அதில் இருந்த சோதனைப் பட்டனை அழுத்தினாள். டக்கென்று விழுந்தது. தூக்கி விட்டாள்.

"வேலை செய்யுது. அப்ப அன்னைக்கு ஏன் அவரைக் காப்பாத்தல?"

"அன்னைக்கு அதுக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்."

மூன்று துளை உள்ள ஒவ்வொரு ப்ளக்கிலும் பச்சை ஒயர் வந்திருந்தது. அது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் ஒயர். ஃப்ரிட்ஜுக்கு ஒன்று, சமையல்கட்டில் கிரைண்டருக்கு ஒன்று, கேட்டில் காலிங் பெல் பெட்டி இருந்ததால் கேட்டுக்கும் ஒன்று. எல்லாம் சேர்ந்து கொல்லைப்புறம் வாய்க்கால் ஓரத்தில் தோண்டிய எர்த் குழிக்குள் இறங்கின. அரசப்பன் சோம்பல் படாத ஆள் என்று தெரிந்தது.

சுஹைப்புக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. பாத்ரூமுக்குள் போய் முகம், கழுத்து, தலை என்று வரிசையாகக் கழுவ ஆரம்பித்தான். குழாய் கொஞ்ச நேரம் கொட்டியது. பிறகு கொர்ரென்று காற்று விட்டு நின்றுபோனது.

"மேடம், டேங்க் காலி!"

"மொத்தத்தையும் உங்க தலையிலேயே ஊத்திக்கிட்டீங்களா?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் அலுத்துக்கொண்டது. "ஐயோ, துணியெல்லாம் சோப்போட கிடக்கே!" கொஞ்ச நேரத்தில் சுவிட்ச் போடும் சத்தம். கொல்லையில் மோட்டார் எழுந்தது. மூட்டை தூக்கி முதுகு போன ஆள் மாடிப்படி ஏறுவது போல ஒரு முனகல்.

சுஹைப் தலை சொட்டச் சொட்ட வாசலுக்கு வந்தான். காற்று வாங்கலாம் என்று கேட்டை நோக்கி ஈரக் கையை நீட்டிக்கொண்டே நடந்தான். அவனுக்கு முன்னால் ஆட்டுக்குட்டி வந்து சேர்ந்திருந்தது. உள்ளே நாற்காலியில் இருந்த வைத்தியலிங்கம் படத்தின் மாலையைப் பார்த்தபடி கம்பிகளுக்கு நடுவே மூக்கை விட்டது.

அடுத்த நொடி ஆட்டுக்குட்டி மே என்று கத்தவில்லை. அலறியது. யாரோ எட்டி உதைத்தது போலத் துள்ளி வீதியில் போய் விழுந்து, எழுந்து, நொண்டிக்கொண்டே ஓடியது.

சுஹைப்பின் கை கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவன் அதை மற்றொரு கையால் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"மேடம்" என்றான். "தாயே!"

செம்மொழி பலகை ஒன்றைப் போட்டு, அதன் மேல் நின்று, டெஸ்டரை கேட்டில் வைத்தாள். எரிந்தது.

"மெயினை ஆஃப் பண்ணுங்க பாய். கையைத் துடைச்சுட்டு."

அணைத்தான். விளக்கு போனது, ஃபேன் போனது. டெஸ்டர் எரிந்தது.

"ஃப்யூஸ் கட்டையையும் கழட்டுங்க."

கழற்றினான். டெஸ்டர் எரிந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் கரண்டே இல்லை. கேட்டில் இருந்தது.

"இந்த வீட்டுல எல்லாம் லீவு போட்டாச்சு. அது ஒண்ணுதான் டூட்டி பார்க்குது" என்றான் சுஹைப்.

வேறு வழி தேடினார்கள். கொல்லைக் கதவு வெளியே பூட்டு, சாவி மங்களாம்பிகையிடம். ஜன்னல் எல்லாம் கம்பி. மாடிப்படி வீட்டுக்கு வெளியே. செம்மொழி செந்தில்குமாருக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மெஷின் பக்கத்தில் நிற்பவனுக்கு எங்கே கேட்கும்.

சுஹைப் சோர்ந்துபோய் ஃப்ரிட்ஜில் சாயப் போனான்.

"அதைத் தொடாதீங்க!"

அவள் டெஸ்டரை ஃப்ரிட்ஜின் உடம்பில் வைத்தாள். எரிந்தது. கிரைண்டரில் வைத்தாள். எரிந்தது. வீட்டுக்கு நடுவில் கை இரண்டையும் மார்போடு கட்டிக்கொண்டு நின்றான் சுஹைப். சுற்றி இருந்த ஒவ்வொரு இரும்பும் அவனுக்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பது போல இருந்தது. பொறியில் மாட்டிய எலிக்காவது சாப்பிட ஒரு தேங்காய்ச் சில்லு இருக்கும்.

"நாம உள்ள மாட்டினது கூடப் பரவாயில்ல மேடம். யாராவது பாவப்பட்டுக் கதவைத் திறந்துவிட வந்தா?"

அவளுக்கும் அந்தப் பயம்தான். அந்த நேரம் பார்த்து சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"மேடம், டீ போட்டிருக்கேன். கேட்டுகிட்ட கொண்டாந்து தரவா?"

"வராதீங்க!" இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

செம்மொழி சுவரோரம் போனாள். தண்ணீர்க் குழாய் போவதற்காக விட்ட ஓட்டை ஒன்று இருந்தது. குனிந்து அதில் பேசினாள்.

"நீங்க வானதிதானே, செந்தில்குமார் சம்சாரம்? தப்பா நினைக்காதீங்க. உங்க பக்கமே இருங்க. கேட்டுகிட்ட மட்டும் வராதீங்க. தண்ணி ஏறிடுச்சா?"

"எங்க ஏறுது? சத்தம்தான் வருது. வாய்க்கால் காஞ்சதுல இருந்து இப்படித்தான், முனகுது. அவர் இல்லாதப்ப மோட்டார் போட்டேன்னு தெரிஞ்சா என்னைத் திட்டியே தீர்த்துடுவாரு."

"ஏன், அவர் வந்துதான் போடணுமா?"

"அவர்தான் போடுவாரு, அவரேதான் நிறுத்துவாரு. போர்ல தண்ணி இறங்கிடுச்சு, மோட்டார் புகைஞ்சுடும்னு சொன்னாரு."

"எப்ப இருந்து இந்தக் கட்டுப்பாடு?"

வானதி யோசித்தாள். "அவங்க அண்ணன் போனாரே, அந்த வாரத்துல இருந்து."

செம்மொழி சுஹைப்பைப் பார்த்தாள். சுஹைப் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டான்.

"மோட்டார்ல முன்னாடி ரிப்பேர் ஏதாவது வந்துச்சா?"

"கார்த்திகையில எலி ஒயரைக் கடிச்சுடுச்சு. அரசப்பன் அண்ணன் பக்கத்து வீட்டுக்கு வந்து போய்க்கிட்டிருந்தாரு, அவரைக் கூப்பிடுங்கன்னேன். எங்க அண்ணன் ஆளு என் வாசலை மிதிக்கக் கூடாதுன்னுட்டாரு. இவரே கொல்லையில குழிகிட்ட உக்காந்து என்னமோ முறுக்கிக் கட்டினாரு. ஓடிச்சு."

செம்மொழி கொல்லைப்பக்க ஜன்னலுக்கு ஓடினாள். வாய்க்கால் வெறும் கட்டாந்தரையாக, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஓரத்தில் எர்த் குழி. மூடி நகர்ந்திருந்தது. உள்ளே புழுதி. மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் சுவரோரமாக வந்து, அந்தக் குழியின் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தது. சணல் கயிறு மாதிரி முறுக்கிக் கட்டிய முடிச்சு.

"பாய், இங்க வாங்க. கேட்டைக் கடிக்க வச்சது யாருன்னு பாருங்க."

"எனக்கு ஒயர்தான் தெரியுது."

"மோட்டாருக்குப் போற கரண்டு திரும்பி வந்தாத்தான் மோட்டார் ஓடும். திரும்பி வர்ற ஒயரை எலி தின்னுடுச்சு. இவர் புது ஒயர் இழுக்கல. பக்கத்துல குழிக் கம்பி இருந்துச்சு, அதுல கட்டி மண்ணுக்குள்ள இறக்கி விட்டுட்டார். வாய்க்கால்ல தண்ணி ஓடின வரைக்கும் குழி சேறா இருந்திருக்கும். மண்ணு வாங்கிக்கிச்சு. அப்புறம் மேட்டூர் டேமை மூடினாங்க. வாய்க்கால் காஞ்சுது, குழி காஞ்சுது. காஞ்ச மண்ணு வாங்காத கரண்டு எங்க போகும்? அதே குழியில இருந்து கிளம்புற பச்சை ஒயரைப் பிடிச்சு இந்த வீட்டுக்குள்ள ஏறிடுச்சு. ஃப்ரிட்ஜு, கிரைண்டர், கேட்டு. எர்த் போன இடம் எல்லாம்."

"அப்ப டிரிப்பர்?"

"டிரிப்பர் வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் மாதிரி. இந்தக் கரண்டு கொல்லை வழியா வந்திருக்கு."

"வாட்ச்மேனைத் தப்பு சொல்ல முடியாது."

"வாட்ச்மேனைப் போட்டவரைத்தான் ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்க."

தம்பி வீட்டில் எர்த்தே கிடையாது. அதனால் அங்கே எறும்பு கூடச் சாகவில்லை. ஒழுங்காக வேலை செய்த வீட்டில்தான் சாவு விழுந்தது.

செம்மொழி மறுபடி ஓட்டையில் குனிந்தாள். "வானதி, மோட்டாரை நிறுத்துங்க."

முனகல் நின்றது. டெஸ்டரை கேட்டில் வைத்தாள். இருட்டு.

"ஒரே ஒரு தடவை போட்டு உடனே நிறுத்துங்க."

முனகல். டெஸ்டர் எரிந்தது. முனகல் நின்றது. டெஸ்டர் அணைந்தது.

"இப்ப மோட்டாரோட ஃப்யூஸ் கட்டையைக் கழட்டி உங்க கையில வச்சுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் யாருகிட்டயும் கொடுக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் கேட்டாலும்."

கட்டை கழலும் சத்தம் கேட்டது. பிறகு ஓட்டைக்கு மிகப் பக்கத்தில் வானதியின் குரல் வந்தது.

"மேடம். அவங்க அண்ணன் விழுந்த அன்னைக்கும் மோட்டார் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

செம்மொழி ஓட்டையை விட்டு நிமிர்ந்தாள்.

சுஹைப் உற்சாகமாகிவிட்டான். "முடிஞ்சுது கேஸ்! இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு அந்த ஒயரைக் காட்டிட்டு வீட்டுக்குப் போகலாம்."

"காட்டினதும் செந்தில்குமார் என்ன சொல்வார்?"

"என்ன சொல்வாரு?"

"குழி தோண்டினது அரசப்பன், கம்பி போட்டது அரசப்பன், அந்த முடிச்சும் அவன் போட்டதுதான்னு சொல்வார். ஊரு நம்பும். இது வரைக்கும் நம்பினதுதானே. வானதி ஒருத்திதான் சாட்சி. புருஷனுக்கு எதிரா அவளை நிறுத்தி வச்சுட்டு நாம ஊருக்குப் போறதா?"

சுஹைப் உட்கார்ந்துவிட்டான். "பொறியில இருந்து வெளிய வந்தா வாசல்ல இன்னொரு பொறி."

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு பாய். பூட்டுறதுக்கு முன்னாடி காது கொடுத்துக் கேட்டாரே, மெஷினையா கேட்டாரு? மோட்டார் ஓடலைன்னு நிச்சயம் பண்ணிக்கிட்டுத்தான் கேட்டைத் தொட்டாரு. அது அவர் வாயில இருந்து வரணும்." அவள் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தாள். "அந்த கிரைண்டர் ஓடுமா?"

"இந்த நேரத்துல மாவாட்டணுமா மேடம்?"

"அரிசி போடாம ஆட்டுங்க."

இன்ஸ்பெக்டர் பரிதிக்குப் போன் செய்தாள். உள்ளே மாட்டிக்கொண்டோம், சாவி செந்தில்குமாரிடம் இருக்கிறது, வயலில் இருந்து அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாள். "ரொம்ப அவசரம்னு மட்டும் சொல்லுங்க."

ஜீப் வருகிற சத்தம் கேட்டதும் ஃப்யூஸ் கட்டையைச் சொருகி மெயினைப் போட்டார்கள். செம்மொழி டெஸ்டரை கேட்டில் வைத்துப் பார்த்தாள். இருட்டு. ஃப்ரிட்ஜில், கிரைண்டரில் வைத்தாள். இருட்டு. கையால் கேட்டைத் தொட்டும் பார்த்தாள். வெறும் இரும்பு. பிறகு சுஹைப் கிரைண்டரைத் தட்டிவிட்டான். வெறும் கல் சுற்றும் சத்தம் முனகலாக எழுந்து, சுவர்களில் முட்டி, கொல்லையிலிருந்து வருவது போலவே கேட்டது.

செம்மொழி கேட்டுக்கு உள்ளே இரண்டடி தள்ளி நின்றாள். முகத்தை உயிர் இல்லாத மாதிரி வைத்துக்கொண்டாள். அதற்கு அவள் ரொம்ப நடிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் முன்னால் இறங்கி வேகமாக வந்தார். பின்னால் செந்தில்குமார், சாவிக் கொத்தைத் தேடியபடி.

"என்ன மேடம், என்ன ஆச்சு?"

"மூச்சு முட்டுது சார். கேட்டைப் பிடிச்சு ஒரு இழு இழுங்க, பூட்டு லூசாத்தான் இருக்கு. வந்துடும்."

பரிதி இரண்டு கையையும் நீட்டினார்.

"சார்!"

அந்தக் குரலில் வயல் வரப்பெல்லாம் அதிர்ந்திருக்கும். செந்தில்குமார் பாய்ந்து வந்து இன்ஸ்பெக்டரின் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தான். இரண்டு பேரும் வாசல் மண்ணில் விழுந்தார்கள்.

"தொடாதீங்க சார்! மோட்டார் ஓடுது! மோட்டார் ஓடுது!"

தொப்பி ஒரு பக்கம் உருண்டது. இன்ஸ்பெக்டர் எழுந்து, மண்ணைத் தட்டாமலே, அவனைப் பார்த்தார்.

"ஓடட்டும். மோட்டாருக்கும் இந்த கேட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

செந்தில்குமார் மண்ணில் விழுந்த சாவிக் கொத்தைத் துழாவி எடுத்தான்.

"பாய், நிறுத்துங்க" என்றாள் செம்மொழி.

உள்ளே முனகல் நின்றது. சுஹைப் கிரைண்டர் கல்லைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து படத்தின் பக்கத்தில் நின்றான்.

"மோட்டார் எப்பவோ நின்னுடுச்சு சார். இது வெறும் மாவு மிஷின். இன்னைக்கு இது கடிக்காது" என்றான்.

செம்மொழி நடந்து வந்து கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே நின்றாள். செந்தில்குமாரின் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. பிறகு அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான், களத்துமேட்டில் வேலை முடிந்து உட்காருகிறவன் மாதிரி.

"அன்னைக்கு நான்தான் முதல்ல ஓடி வந்தேன்" என்றான், யாரையும் பார்க்காமல். "அண்ணனைப் பிடிச்சேன், என்னைத் தூக்கி எறிஞ்சுது. மெயின் உள்ள இருக்கு, போக முடியல. என் பக்கம் ஓடி என்னத்தை நிறுத்துறதுன்னு தெரியாம கையில கிடைச்சதையெல்லாம் நிறுத்தினேன். மோட்டாரை நிறுத்தினதும் அண்ணன் கீழ விழுந்தாரு. அப்பத்தான் எனக்குத் தெரியும். சத்தியமா அதுக்கு முன்னாடி தெரியாது சார்."

"தெரிஞ்ச பிறகு ஏன் அந்த முடிச்சை அவிழ்க்கல?" என்று கேட்டாள் செம்மொழி.

"அவிழ்த்தா தண்ணி கிடையாது. தண்ணி வேணும்னா ஒயர்மேனைக் கூப்பிடணும். வர்றவன் பார்த்தா, யாரு கட்டினதுன்னு கேட்பான். இந்தக் கருமாதி முடியட்டும்னு இருந்தேன். நான் பக்கத்துல இருந்து பார்த்துப் பார்த்துத்தான் மோட்டார் போட்டேன்."

"அதுக்குள்ள அரசப்பன் உள்ள போயிருப்பார்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "யாரோ கேட்டாங்க, ஒயரிங் யாருன்னு. நான் பேரைச் சொன்னேன். எழுதிக் கொடுன்னாங்க, கொடுத்தேன். அப்புறம் எல்லாம் தானா நடந்துச்சு."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். "அந்த ஒயர்மேன் அரசப்பன். அனுப்பிடு. வேண்டாம், அனுப்ப வேண்டாம். ஜீப் வந்து கூட்டிட்டுப் போய் வீட்டுல விடும்னு சொல்லு. அவர் சம்சாரம் வெளியதான் நிக்கிறாங்க, முதல்ல அவங்ககிட்ட சொல்லு."

மேற்குப் பக்கக் கதவு திறந்தது. வானதி வந்தாள். முழங்கை வரை சோப்பு நுரை காய்ந்திருந்தது. மூடிய உள்ளங்கையில் ஃப்யூஸ் கட்டை. அதை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டு, உட்கார்ந்திருந்த கணவன் முன்னால் போய் நின்றாள்.

"நாளைக்குக் கருமாதி. காலையில இந்த வாசலையும் கேட்டையும் கழுவி விடுன்னு நேத்து என்கிட்ட யாருங்க சொன்னது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"நான் இல்லாம மோட்டார் போடாதேன்னு சொன்னேனே வானதி. அத்தனை தடவை சொன்னேனே."

"சொன்னீங்க" என்றாள் அவள். "ஏன்னு சொல்லலையே."

அவன் கையிலிருந்து சாவிக் கொத்தை வாங்கி, அவளே பூட்டைத் திறந்தாள். கேட் கிறீச்சென்று முழுசாக விலகியது. செம்மொழி வெளியே வந்தாள். சுஹைப் உடம்பை ஒடுக்கி, கிரைண்டர் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கமும் படாமல் நடுவில் நடந்து வந்தான்.

"கல்லை எதுக்கு பாய் தூக்கிட்டு வர்றீங்க?"

"கையில ஏதாவது இருந்தாத்தான் மேடம், எதையும் தொடத் தோணாது."

வீதியில் ஆட்டுக்குட்டி நொண்டியபடி நின்றுகொண்டிருந்தது. கேட் திறந்து கிடந்தது. உள்ளே மாலை அப்படியே இருந்தது, தடுக்க ஆளும் இல்லை. அது கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஒரு அடி வைத்தது. பிறகு திரும்பி, காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி, வேறு பக்கமாகப் போய்விட்டது.